வாழைப்பழம் சாப்பாட்டில் சேராது

மலாக்காவில் நான் டவுன் பஸ் டிக்கெட் செக்கராக இருந்த காலத்தில் என் எடை சரியாக இரண்டு பிக்கல், இந்தக் கால நூற்றிருபது கிலோ. ஆஸ்பத்திரித் தராசில் ஏறியபோது முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கொப்பரை வியாபாரம் செய்த சீனத் தவுக்கே முதலாளியின் மூட்டைத் தராசில் ஏற வேண்டியதாயிற்று. அவர் குண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "இருநூறு கட்டி" என்று மலாயில் உரக்கச் சொன்னார். நூறு கட்டி ஒரு பிக்கல். பழக்க தோஷத்தில் என் முதுகிலும் மையால் எண் எழுதிவிடப் போகிறாரோ என்று பயந்து அவசரமாக இறங்கினேன். டாக்டரிடம் காட்டுவதற்காக எடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கீழே கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

இந்த உடம்பை வைத்துக்கொண்டு செக்கர் வேலையா என்று கேட்கலாம். எல்லோரும் கேட்டார்கள். பஸ்ஸின் நடுவழியில் நான் நுழைந்தால் இருபுறமும் உட்கார்ந்திருப்பவர்கள் முழங்காலை மடக்கிக்கொள்வார்கள். நின்றுகொண்டு வருபவர்கள் கீழே இறங்கி எனக்கு வழிவிட்டு, நான் சோதித்து முடித்ததும் மறுபடி ஏறுவார்கள். டிக்கெட் எடுக்காதவன் அந்த இறக்கத்திலேயே நழுவி நடந்துவிடுவான். நான் பிடித்த ஆட்களைவிட என் வயிற்றின் தயவால் தப்பித்த ஆட்கள்தான் அதிகம்.

மெர்டேக்கா தேதியை அறிவித்த அன்று பண்டா ஹிலிர் திடலில் நானும் இருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற மலாய்க்காரர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, கொஞ்சம் உட்கார முடியுமா, என் குடும்பத்தில் ஐந்து பேருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். உட்கார்ந்தேன். நாடு விடுதலையாகப் போகிற செய்தியை மற்றவர்களின் முழங்கால்களுக்கு நடுவில் இருந்துதான் கேட்டேன்.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். நானும் என் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. அவளைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்த ஒரே அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடப் போனவர், திரும்பி வரவில்லை. எனக்கு ஏதாவது ஆனால் அவளுக்கு இந்த நாட்டில் யாரும் கிடையாது. இது எனக்கும் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்கும் வழக்கம்தான் இல்லை.

என் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு ரொம்ப நாளாக இருந்தது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். சொன்னபடி கேட்கிறவரை தொந்தரவு இல்லை என்று விட்டுவிட்டேன். மெர்டேக்கா கிடைத்த மறுவருடம் ஒருநாள் குருபோங்கில் பஸ் படியிலிருந்து குதித்தேன். குதித்தேன் என்பது என் கணக்கு, பார்த்தவர்கள் விழுந்தேன் என்றார்கள். வெளியே வந்த புடைப்பு உள்ளே போகவில்லை. ஒரு மணி நேரம் ரோட்டோரத்தில் மல்லாந்து கிடந்து, வியர்த்துக் கொட்டி, அழுத்தி அழுத்தித்தான் அதை உள்ளே அனுப்பினேன்.

மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். அவர் மலாக்காச் செட்டி, பல தலைமுறையாக இந்த ஊர்க்காரர். ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கையுதவியாக டிரெஸ்ஸர் வேலை. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். தமிழ் அவருக்குக் கோயிலில் காதில் விழுகிற பாஷை மட்டும்தான். நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம், வெள்ளைக்கார டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை அவர்தான் எனக்கு மலாயில் எடுத்துச் சொல்வார். அந்த டாக்டரும் ஊருக்குத் திரும்பப் போகிறவர். வருடக் கடைசியில் கப்பல். அவருக்குப் பிறகு யார் வருவார்கள் என்று ஆஸ்பத்திரிக்கே தெரியாது.

டாக்டர் என் வயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். புடைப்பை உள்ளே தள்ளித் தைக்க வேண்டும், அதோடு தொடைமீது மடிந்து கிடக்கிற கொழுப்பையும் வெட்டி எடுத்துவிடலாம், அந்தப் பாரம் தொங்கிக்கொண்டே இருந்தால் தையல் மறுபடி பிரிந்துவிடும் என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். எத்தனை கட்டி எடுப்பீர்கள் என்று கேட்டேன். இறைச்சிக் கடையில் கேட்கிற கேள்வியாக இருந்ததாலோ என்னவோ டிரெஸ்ஸர் அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு டாக்டர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். இவ்வளவு கொழுப்புள்ள உடம்புக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு தடுமாறலாம். புண் ஆறாமல் சீழ் வைக்கலாம். படுத்தே கிடப்பதால் காலில் ரத்தம் உறைந்து, அது நெஞ்சுக்கு ஏறி, நின்ற நிலையில் ஆளை முடித்துவிடலாம். அப்படியானால் வேண்டாம் என்று எழுந்தேன். உட்காரச் சொல்லி மறுகையின் விரல்களை எண்ணினார். செய்யாமல் விட்டால் ஒருநாள் குடல் அந்தப் புடைப்பு வருகிற ஓட்டையில் மாட்டி முறுக்கிக்கொள்ளும். அன்றைக்கு எந்த ஊரில் இருப்பாயோ, எந்த டாக்டர் கிடைப்பாரோ, நேரத்துக்கு வந்து சேர்வாயோ தெரியாது. எந்தப் பக்கம் ஆபத்து அதிகம் என்று ஒரே பேச்சாகச் சொல்லும்படி கெஞ்சினேன். அவர் சொல்லவில்லை. முப்பது கட்டி குறைத்துக்கொண்டு வா, அப்போது வெட்டுவதில் உள்ள ஆபத்து குறையும், அதற்குமேல் முடிவு உன்னுடையது என்று அனுப்பிவிட்டார்.

முடிவு என்னுடையது என்று யாராவது சொன்னால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஆகவே என் வேலையின் வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன். பஸ்ஸில் ஏறி, டிக்கெட்டைச் சோதித்துக்கொண்டே, ஆளாளுக்கு யோசனை கேட்டேன். கிளேபாங் பஸ்ஸில் வந்தவர்கள் ஒட்டுமொத்தமாகக் கூடாது என்றார்கள். ஒவ்வொருவருக்கும் கத்தி வைத்துச் செத்துப்போன ஒரு சகலையோ மாமனாரோ இருந்தார். பத்து பெரெண்டாம் பஸ்ஸில் வந்தவர்கள் செய்துகொள்ளத்தான் வேண்டும் என்றார்கள். அந்த வழியில் யாருக்கோ குடல் முறுக்கி, மாட்டு வண்டியில் கொண்டுவரும்போதே உயிர் போய்விட்டதாம். மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா என் சட்டைப் பொத்தானுக்கு மேல் விரலால் குத்திப் பார்த்துவிட்டு, "இத வெட்டி எடுத்தா தம்பிக்கு மிச்சம் என்னா லா இருக்கும்?" என்று கவலையோடு கேட்டாள். காலையில் கிளேபாங், மாலையில் பத்து பெரெண்டாம் என்று எனக்கு டியூட்டி. காலையில் வேண்டாம் என்றும் மாலையில் வேண்டும் என்றும் மூன்று மாதம் இருந்தேன்.

இதற்கிடையில் முப்பது கட்டி குறைக்க வேண்டுமே. சோற்றை அறவே நிறுத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நான் ஒரு விரதமாகவே எடுத்துக்கொண்டேன். தவறு அங்கேதான் தொடங்கியது. எங்கள் வழக்கத்தில் விரதம் என்றால் சோறு கிடையாது, பலகாரம் உண்டு. இட்டிலி, தோசை, புட்டு, இடியப்பம் எதுவும் விரதத்தைக் கெடுக்காது. பாலும் பழமும் சாப்பாடு என்ற பேச்சிலேயே சேராது. கந்த சஷ்டிக்கும் சிவராத்திரிக்கும் எங்கள் வீட்டு ஆண்கள் இப்படித்தான் கடும் விரதம் இருந்து ஏப்பம் விட்டார்கள். நானும் சோற்றைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. காலையில் ஆறு தோசை, மதியம் ரொட்டி சானாய், நாலு மணிக்கு வடை, ராத்திரி தேங்காய்ப்பால் ஊற்றி இடியப்பம். என் மன உறுதியை நானே மெச்சிக்கொண்டேன்.

அவ்வளவையும் என் மனைவிதான் செய்து போட்டாள். டாக்டர் சோறு மட்டும்தானே வேண்டாம் என்றார் என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன். அவள் சரி என்று உளுந்தை ஊறவைத்தாள். அவளும் அந்தச் சமயத்தில் எனக்காக அம்மனிடம் வேண்டிக்கொண்டு ஒருபொழுது இருப்பதாகச் சொன்னாள். நல்லது, இரு என்றேன். வீட்டில் இரண்டு பேரும் விரதம், ஆண்டவன் கவனிக்காமலா போவான் என்று தோன்றியது.

மூன்று மாதம் கழித்துத் தவுக்கேயின் தராசில் ஏறினேன். அவர் ஒரு குண்டைக் கூடுதலாக வைத்தார், பிறகு இன்னொன்று. இருநூற்றெட்டு. முத்திரை குத்திய காகிதத்தை டாக்டரிடம் நீட்டும்போது தராசில் கோளாறு இருக்கலாம் என்றேன். அன்று மழை, குடை பிடிப்பதற்காக மனைவியும் வந்திருந்தாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் சுவரோரம் நின்றவளை வெகுநேரம் பார்த்தார். டிரெஸ்ஸரிடம் என்னவோ கேட்டார். டிரெஸ்ஸர் தயங்கித் தயங்கித்தான் மலாயில் சொன்னார். உங்கள் இரண்டு பேரில் வைத்தியத்துக்கு வந்தது யார் என்று கேட்கிறாராம்.

திரும்பிப் பார்த்தேன். மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் அன்றுதான் பார்த்தேன். ரவிக்கைக் கை தொளதொளவென்று கிடந்தது. சொட்டுகிற குடையை மடக்கி, தரையில் படாமல் உயர்த்திப் பிடித்திருந்த கையில் வளையல்கள் முழங்கை வரை இறங்கிவிட்டிருந்தன. ஒருபொழுது என்றால் அவளுக்கு நிஜமாகவே ஒருபொழுது. மத்தியானம் ஒரு கை சோறும் மோரும், அதோடு சரி. வெறும் வயிற்றோடு அடுப்படியில் நின்றுதான் எனக்கு வடை சுட்டுப் போட்டிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. என் உடம்புக்கு வெட்கமும் கொஞ்சம் பெரிய அளவில்தான் வரும். காதெல்லாம் எரிந்தது.

அதற்குப் பிறகு ஒழுங்காகப் பட்டினி கிடந்தேன். டிரெஸ்ஸர் எழுதிக் கொடுத்தபடி அவித்த காய், கொஞ்சம் மீன், அவ்வளவுதான். அவளையும் ஒருபொழுதை விடச் சொன்னேன், வேண்டுதலைப் பாதியில் விடக்கூடாது என்றாள். ரொட்டிக் கடையைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். எங்கள் கம்போங்குக் குடியிருப்புப் பிள்ளைகள் என்னைப் "பெருட் பெசார்" என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய வயிறு என்று அர்த்தம். நவம்பரில் ஒருநாள் அவர்கள் கூப்பிடாமல் போனபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. தவுக்கேயின் தராசில் நூற்று எழுபத்தாறு வந்தது. டாக்டர் கேட்டதற்கு ஆறு கட்டி பாக்கி, ஆனால் அவர் கப்பலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இனி யோசிக்க நேரமில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்தேன். அதைத் துணிச்சல் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டேன்.

முதல்நாள் மாலையே வார்டில் படுக்கவைத்தார்கள். டிரெஸ்ஸர் இரண்டு முறை வந்து, இனி வாயில் எதுவும் வைக்கக் கூடாது, பட்டினியாக இருக்க வேண்டும் என்றார். எனக்கா பட்டினியைச் சொல்லித் தருகிறீர்கள் என்று சிரித்தேன். காலையில் மனைவி அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு நேரே வந்தாள். திருநீறு பூசிவிட்டாள். தேங்காய் மூடியோடு இருந்த அர்ச்சனைப் பழம் இரண்டையும் என் கையில் கொடுத்தாள். சாமி பழம், வேண்டாம் என்று சொல்லலாமா? தூக்கில் கொஞ்சம் பசும்பாலும் இருந்தது. இரண்டு பழத்தையும் தின்று பாலையும் குடித்தேன். எந்த விரதமும் இதனால் கெட்டதில்லை.

தள்ளுவண்டியில் படுக்கவைத்து மயக்க மருந்து கொடுக்கிற அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த வேறொரு டாக்டர் ஏதாவது சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. அம்மன் முன்னால் கற்பூரம் அணைக்கச் சொல்லிக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். டிரெஸ்ஸர் என் மார்புக்குக் குறுக்கே பட்டையைக் கட்டக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு ஏப்பம் வந்தது. அவர் கை அப்படியே நின்றது. முகத்தருகே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தார்.

"மாக்கான் பீசாங்கா?" என்றார். வாழைப்பழம் தின்றாயா?

இரண்டே இரண்டு, அது சாமி பழம், சாப்பாடு இல்லை என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் விரதம் தெரியாதவர் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் என் பக்கத்தில் நிற்பவர். அவர் முகம் வெளுத்துவிட்டது. பட்டையை அவிழ்த்துவிட்டு உள்ளே ஓடினார்.

வெள்ளைக்கார டாக்டர் வெளியே வந்து என் தலைமாட்டில் நின்று மெதுவாகச் சொன்னார், டிரெஸ்ஸர் மலாயில் திருப்பினார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் பயம் குறைவாக இருந்திருக்கும். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கும், இந்தப் பருமனுக்கு அது வெகு சுலபமாக நடக்கும், நீ எழுந்திருந்திருக்க மாட்டாய் என்றார். எட்டு மாதமாக மூச்சு, சீழ், உறைந்த ரத்தம் என்று இரண்டு கை விரல்களையும் மடக்கி மடக்கி யோசித்திருக்கிறேன். கடைசியில் என்னைக் கொல்லவிருந்தது எந்த விரலிலும் இல்லை.

அறுவையை மூன்று நாள் தள்ளிவைத்துவிட்டு என்னை வார்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் டிரெஸ்ஸர் விஷயத்தை மலாயில் சொல்லிவிட்டார். அவளுக்கு மலாய் என்னைவிட நன்றாகவே வரும். மடியில் காலித் தூக்கை வைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்தானே தின்றேன், நீ என்ன செய்வாய் என்று சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதினாறு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"பஸ்ஸுல ஏறுனவங்க ஒருத்தர் விடாம கேட்டீங்க. மீன்காரம்மாகிட்ட கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நான் செத்தால் யாருக்கு நஷ்டமோ அவள் ஒருத்தியிடம் மட்டும் கேட்காமல் ஊரெல்லாம் ஓட்டுப் பொறுக்கியிருக்கிறேன். இப்போது கேட்கிறேன், செய்துகொள்ளட்டுமா என்றேன்.

அவள் தூக்கின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"எனக்கு ரொம்பப் பயமாத்தாங்க இருக்கு. ஆனா எங்கயோ ரோட்டுல பஸ்ஸுக்குள்ள நீங்க விழுந்தா, எனக்குச் சேதி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு. இங்கன்னா நான் வாசல்லயே நிப்பேன். பண்ணிக்குங்க."

மூன்றாம் நாள் காலை அவள் வெறுங்கையோடு வந்தாள். திருநீறு மட்டும் பூசினாள். காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதற்குக் கீழே அவளையும் போடச் சொன்னேன். அவசியமில்லை என்றார் டிரெஸ்ஸர். இருக்கட்டும் என்று பேனாவை அவள் கையில் கொடுத்தேன். தள்ளுவண்டி கதவைத் தாண்டும்வரை தைரியமாகத்தான் இருந்தேன். தாண்டியதும் அழுதேன். இரண்டு பிக்கலாக இருந்த மனிதன் அழுகிறானே என்று யாரும் ஆச்சரியப்படவில்லை, அந்த அறையில் அது தினமும் நடப்பதுதானாம்.

கண் விழித்தபோது வயிற்றைச் சுற்றி இறுக்கமாகக் கட்டு, தொண்டையெல்லாம் எரிச்சல். என்னிடமிருந்து பதினொரு கட்டி கொழுப்பு வெட்டி எடுத்ததாக டிரெஸ்ஸர் சொன்னார். சீழ் கொஞ்சம் வைத்து இரண்டு வாரத்தில் ஆறியது. காலில் ரத்தம் உறையாமல் இருக்க மறுநாளே எழுப்பி நடக்கவைத்தார்கள். ஆனால் முதல் இரண்டு நாள் எனக்குப் பஞ்சில் நனைத்த தண்ணீர் மட்டும்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் மனைவி கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். வேண்டுதலை முடித்துவிட்டு வந்திருந்தாள். அவள் இன்னும் சாப்பிடவில்லை என்று தெரிந்து டிரெஸ்ஸர் அதட்டினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன் என்றாள். இங்கேயே சாப்பிடு, நான் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. டிரெஸ்ஸர் வீட்டிலிருந்து வந்த கேரியரை அவள் மடியில் வைத்தார்கள்.

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் சாப்பிடுவதை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பரிமாறி, நான் கை கழுவி, எழுந்து திண்டில் சாய்ந்த பிறகுதான் அவள் அடுக்களையில் உட்காருவாள். மிச்சம் இருந்ததா இல்லையா என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது அவள் வெட்கப்பட்டு முதலில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு பசி வென்றது. பெரிய பெரிய கவளமாக, வேகமாக, தலை நிமிராமல் சாப்பிட்டாள். சோற்றின் ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது. அதில் நன்றாக முறுகியவற்றை மட்டும் விரலால் பொறுக்கி, தொடாமல் மூடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்தாள். தினமும் என் தட்டில் விழுகிற துண்டுகள் அவை. எனக்கு முறுகலாகவே வறுபடுகிறது என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

நீயே சாப்பிடு, என்னால் ஆகாது என்றேன். அவள் மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.